ஐந்தாவது ஆட்டத்துக்கு முந்தின நாள்

என் மகள் பிறந்தபோது தொப்புள்கொடி அவளுடைய கழுத்தை ஒரு சுற்றுச் சுற்றியிருந்தது. மருத்துவச்சி அதை விரலால் தளர்த்திக் கழற்றிவிட்டு, பல பிள்ளைகள் இப்படித்தான் வருகிறார்கள் என்று பிரெஞ்சில் சொன்னாள். அவளுக்கு அது ஒரு செய்தியே இல்லை. எனக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் முதல் பிள்ளை. எல்லாவற்றையும் யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் போலிருந்தது. அம்மா தொலைபேசியில் "எல்லாம் சுகமோ பிள்ளை?" என்று கேட்டதும், எடை, தலைமயிர், அழுத விதம் என்று சொல்லிக்கொண்டே போனவள் கொடியையும் சொல்லிவிட்டேன்.

அம்மா குரலைத் தாழ்த்தினார்.

"தம்பிக்குச் சொன்னனியே?"

"பிள்ளை பிறந்ததைச் சொன்னனான். கொடியைப் பற்றிச் சொல்லேல்லை."

"அவன் இப்ப பிள்ளையின்ரை முகம் பாக்கக் கூடாது. படம் கிடம் ஒண்டும் அனுப்பிப்போடாதை."

கொடி சுற்றிப் பிறந்த பிள்ளையால் தாய்மாமனுக்குக் கெடுதல் வரும் என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை. பிள்ளைப்பேற்றுத் தீட்டான துடக்கைக் கழிக்கும் முப்பத்தோராம் நாள் தட்டில் நல்லெண்ணெய் விட்டு, அதில் தெரியும் பிள்ளையின் முகத்தை மாமன் முதலில் பார்க்க வேண்டும். பிறகு நேரே பார்க்கலாம், தூக்கலாம். இப்படி ஒன்று இருப்பது எனக்குத் தெரியும். அது எங்கள் வீட்டுக்குள் வரும் என்று நினைத்ததில்லை. நான் பல்கலைக்கழகம் போனவள், கணக்காளர் அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்தவள். ஆனாலும் அன்று அம்மாவோடு வாதாடவில்லை. முப்பது நாள்தானே என்று நினைத்தேன்.

என் மகளுக்கு இருந்தது ஒரே ஒரு மாமன். என்னைவிட ஐந்து வயது இளையவன். எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இல்லாத உயரம் அவனுக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியாது. பாரிஸில் எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லா ஷப்பலில், அம்மா சாமான் வாங்கும் கடைக்காரர்கள் எல்லோரும் அவனைக் கண்டால், மேல் தட்டில் இருக்கும் பெட்டியை எடுத்துத் தரச் சொல்வார்கள். 2009 இல் அவனுக்கு மேற்கே ஒரு சிறிய ஊரின் கூடைப்பந்து அணியில் முதல் ஒப்பந்தம் கிடைத்தது. தொழில்முறை அணி, இரண்டாம் பிரிவு, மாற்று ஆட்டக்காரன். அந்த வருடம் எங்கள் தெருவில் யாரும் எதையும் கொண்டாடவில்லை. அவனும் ஒப்பந்தக் கடிதத்தை அம்மாவின் மேசையில் வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் உடுப்பு அடுக்கிக்கொண்டு போனான்.

மகள் பிறந்தது அதற்கு இரண்டு வருடம் கழித்து. அவனுடைய அணி முதன்முறையாக முதல் பிரிவுக்கு ஏறுவதற்கான இறுதித் தொடரில் விளையாடிக்கொண்டிருந்தது. ஐந்து ஆட்டம். முதலில் மூன்று வெல்பவர்கள் மேலே போவார்கள். பருவம் முழுவதும் கூடுதலாக வென்றது எதிரணி என்பதால் முதலாவது, இரண்டாவது, ஐந்தாவது ஆட்டங்கள் அவர்களுடைய அரங்கில். நடுவில் உள்ள இரண்டு மட்டும் எங்களுடையதில். எல்லோரும் அவரவர் இடத்தில் வென்றால் எங்களுக்குத் தோல்வி. ஆகவே ஒரு முறையாவது அங்கே போய் வென்றுவிட்டு வர வேண்டும்.

இதைத் தம்பி எனக்கு விளக்கியபோது வயிறு என் முழங்காலைத் தொட்டுக்கொண்டிருந்தது. அம்மா கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தார்.

"பந்து ஒண்டுதானே, ரிங்கும் அதே உயரம்தானே? பிறகென்ன அவங்கடை இடம் எங்கடை இடம்?" என்று அம்மா கேட்டார்.

"அம்மா, நீங்கள் உங்கடை குசினியிலை கண்ணை மூடிக்கொண்டு உப்பை எடுப்பீங்கள். அக்கா வீட்டுக் குசினியிலை எடுப்பீங்களோ?"

"அவளின்ரை குசினியிலை உப்பே இல்லை."

அவன் சிரித்தான். பிறகு என் பக்கம் திரும்பி, சொந்த அரங்கில் வளையம் எங்கே இருக்கிறது என்று முதுகுக்கே தெரியும் என்றான். வெளியில் போனால் எட்டு மணி நேர பஸ், பிறத்தியாரின் கட்டில், வளையத்துக்குப் பின்னால் கையை ஆட்டிக் கத்துகிற சனம். அந்தச் சுவரே அசைவதுபோல இருக்கும், எறிகிற கை ஒரு கணம் நம்பாமல் நிற்கும், அவ்வளவு போதும் என்றான். "நடுவரும் மனுசன்தானே அக்கா. நாலாயிரம் பேர் ஊளையிட்டா அவருக்கும் பயம் வரும்."

முதலாவது ஆட்டத்தில் தோற்றார்கள். இரண்டாவது ஆட்டம் நடந்த நாளின் விடிகாலையில் என் மகள் பிறந்தாள். அன்று மாலை அதே அரங்கில் அவர்கள் வென்றார்கள். தம்பி ஒருநாளும் அவ்வளவு புள்ளி எடுத்ததில்லை. ஆட்டம் முடிந்ததும் ஆஸ்பத்திரிக்குத் தொலைபேசி எடுத்தான். பின்னால் மற்றவர்கள் பாடுவது கேட்டது.

"அக்கா! மருமகள் பிறந்த ராசி! எல்லாருக்கும் சொல்லிப்போட்டன். இவங்கள் அவளின்ரை பேரைக் கேக்கிறாங்கள்."

"இன்னும் வைக்கேல்லையடா."

"கெதியா வை. சப்பாத்திலை எழுதப்போறன்."

நான் அழுதேன். சந்தோஷத்தில்தான். என் பிள்ளைக்கு ஒரு நாள்கூட ஆகவில்லை, அதற்குள் யாரோ ஒரு ஊரின் பெரிய பெரிய பெடியன்கள் அவளுக்காகப் பாடுகிறார்கள். அந்த வெற்றியை அவளுக்குக் கொடுக்காதே என்று சொல்ல எனக்கு அப்போது தோன்றவில்லை. வென்றதற்கு அவள் காரணம் என்றால், தோற்றாலும் அவளைத்தானே பார்ப்பார்கள். இதை நான் பிறகு எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். அன்று யார்தான் யோசிப்பார்கள்?

மறுநாள் அம்மா அவனுக்குக் கொடி விஷயத்தைச் சொல்லிவிட்டார். அவன் பிரெஞ்சில் ஏதோ சொல்லிச் சிரித்துவிட்டு, சரி, படம் அனுப்ப வேண்டாம் என்றானாம். அவனுடைய அரங்கில் நடந்த மூன்றாவது ஆட்டத்திலும் வென்றார்கள். இனி அதே அரங்கில் இன்னும் ஒன்று. வென்றால் எல்லாம் முடிந்தது. அந்தப் பக்கத்து அரங்கில் ஒன்றைப் பறித்துவிட்டதால் இப்போது சாதகம் முழுவதும் எங்களுடையது. அம்மா பிள்ளையார் கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்துவிட்டு வந்து, "பாத்தியோ, சொன்னதைக் கேட்டதாலைதான்" என்றார்.

நான்காவது ஆட்டத்தில் தோற்றார்கள். சொந்த அரங்கில், சொந்தச் சனத்துக்கு முன்னால். தம்பி கடைசி நிமிடத்தில், கோட்டில் நின்று யாரும் தடுக்காமல் எறியும் இரண்டு தனி எறிகளைத் தவறவிட்டான். அவன் கண்ணை மூடிக்கொண்டே போடக்கூடிய எறிகள்.

"சொந்த வீட்டிலை வெல்லேலாதவங்கள் ஊரான் வீட்டிலை போய் என்னத்தை வெல்லுறது?" என்றார் அம்மா. எரிச்சல் அவன்மேல் இல்லை என்று எனக்கு விளங்கியது. அவர் தொட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐந்தாவது ஆட்டத்துக்காக அணியின் பஸ் மேற்கிலிருந்து கிழக்கே பாரிஸைக் கடந்து போக வேண்டியிருந்தது. வழியில் நகரத்துக்கு வெளியே ஒரு ஹோட்டலில் இரவு தங்கினார்கள். பயிற்றுநர் தம்பிக்கு அன்று பின்னேரம் சில மணி நேரம் விடுமுறை கொடுத்தார். அவன் நேரே லா ஷப்பலுக்கு வந்தான்.

என் வீடு புறநகரான லெ பிளாங்-மெனிலில். ஆனால் பிள்ளைப்பேற்றுக்கு அம்மா வீட்டில்தான் இருந்தேன். எங்களுக்குக் கொடுத்திருந்தது தம்பியின் பழைய அறை. அவன் படி ஏறி வரும் சத்தம் கேட்டதும் அம்மா என்னை உள்ளே விட்டு அறைக்கதவைச் சாத்தினார். அவனுடைய சொந்தக் கதவு. அவன் நடையில், நிலத்தில், கதவில் முதுகு சாய்த்து உட்கார்ந்தான். உடம்பின் பாரம் கதவில் இறங்கியது எனக்கு இந்தப் பக்கம் தெரிந்தது. நானும் இந்தப் பக்கம் நிலத்தில் உட்கார்ந்தேன். பிள்ளை மடியில் நித்திரை.

"மதாம், உள்ளை இருக்கிற மருமகளோடை கொஞ்சம் கதைக்கலாமோ?"

"நித்திரையடா."

"எழுப்பு. முக்கியமான விசயம். மருமகள், கேளுங்கோ. நாளைக்கு மாமா பகையாளி வீட்டுக்குப் போறன். அங்கை ஒருத்தருக்கும் என்னைப் பிடிக்காது. இஞ்சையும் என்னை உள்ளை விடுறாங்கள் இல்லை. எனக்கு எல்லா இடமும் வெளியிடம்தான்."

குசினியிலிருந்து அம்மா கத்தினார். "வாயை மூடிக்கொண்டு வந்து சாப்பிடு!"

"அம்மா, உங்கடை எண்ணெய்க் கதையை எங்கடை கோச்சுக்குச் சொன்னனான். எங்கடை ஆட்கள் இரண்டு பேர் எறியிறதையும் எண்ணெய்க்குள்ளாலை பாத்தாத்தான் நல்லம் எண்டு சொன்னார்."

நான் சிரித்துச் சிரித்துப் பிள்ளையை எழுப்பிவிட்டேன். அவள் சிணுங்கினாள். கதவில் இருந்த பாரம் விலகியது. அதுதான் அவள் குரலை அவன் முதன்முதலாகக் கேட்டது.

"இதுவோ அவளின்ரை சத்தம்?" என்றான் மெதுவாக.

அந்தக் கேள்விதான் என்னை எழும்ப வைத்தது. பிறந்ததிலிருந்து நான் எதற்கெல்லாமோ பயந்துகொண்டிருந்தேன். மூச்சு வருகிறதா என்று மூக்கின்கீழ் விரல் வைத்துப் பார்த்தேன். தொப்புளைப் பார்த்தேன். பால் போதுமா என்று பார்த்தேன். இந்த ஒன்றுக்கு மட்டும் பயப்படுவதில் அர்த்தமில்லை என்று அந்தக் கணம் தெளிவாகத் தெரிந்தது. அம்மா குழாயைத் திறந்துவிட்டிருந்தார், தண்ணீர்ச் சத்தம் கேட்டது. நான் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு எழும்பினேன்.

"தள்ளி இரு, கதவைத் திறக்கிறன்."

"அக்கா..."

திறந்தேன். அவன் எழும்பி நடையில் நின்றான், தலை மேல் விளக்கை முட்டும் அளவுக்கு. நான் பிள்ளையை அவன் பக்கம் திருப்பினேன்.

அவன் கண்களை இறுக்கி மூடிக்கொண்டான்.

பகிடி என்றுதான் முதலில் நினைத்தேன். சின்ன வயதில் நான் கணக்குப் புத்தகத்தை நீட்டினாலும் இப்படித்தான் செய்வான். "டேய், விசர் விளையாட்டை விடு. பார்" என்றேன். அவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினான். கை இரண்டும் பின்னால் இருந்தன.

"மட்ச் முடியட்டும் அக்கா."

"நீயே இதைச் சொல்லுறாய்?"

"அத்தான் படம் அனுப்பினவர்."

எனக்கு விளங்கவில்லை.

"நாலாவது மட்ச் அண்டைக்கு. மத்தியானம். அவருக்குத் தெரியாதுபோலை. நான் பாத்திட்டன். நல்ல வடிவா இருந்தவள். இரவுக்குத் தோத்தம்." கண்ணைத் திறக்காமலே சொன்னான். "எனக்குத் தெரியும் அக்கா, அது படத்தாலை இல்லை. எனக்குத் தெரியும். ஆனா லைனிலை நிண்டு எறியேக்கை அந்தப் படம்தான் ஞாபகம் வந்தது. கதவைச் சாத்து. தயவு செய்து."

என் கணவருக்கு உண்மையிலேயே தெரியாது. அம்மா என்னிடம் சொன்னதை நான் அவரிடம் சொல்லவில்லை, சொன்னால் சிரிப்பார் என்று. தகப்பன் ஆன சந்தோஷத்தில், உணவகத்தில் வேலைக்கு நடுவில் நின்றுகொண்டு, தெரிந்த எல்லோருக்கும் அனுப்பியிருக்கிறார்.

நான் கதவைச் சாத்தினேன். அவன் சாப்பிட்டான். கறி உறைப்பு என்று அம்மாவோடு சண்டை பிடித்தான். போகும்போது வழக்கமாகக் கதவில் இரண்டு தட்டுத் தட்டி "போட்டு வாறன்" என்பான், அன்றும் தட்டினான். எல்லாம் வழக்கம்போலவே இருந்தது. நான்தான் பிள்ளையைக் கட்டிலில் போட்டுவிட்டு, அவளுடைய முகத்தை முதன்முறையாக ஒரு வெளியாளின் கண்ணால் பார்த்தேன். இதில் பயப்பட என்ன இருக்கிறது என்று பார்த்தேன்.

ஐந்தாவது ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் காட்டவில்லை. கணினியில் அணியின் பக்கத்தில் எண்கள் மட்டும் மாறிக்கொண்டிருந்தன. நான் ஒரு பக்கம் பால் கொடுத்துக்கொண்டு மறு கையால் பக்கத்தைப் புதுப்பித்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது பகுதி வரைக்கும் எங்களுடைய எண்தான் பெரிதாக இருந்தது. பிறகு தம்பியின் பெயருக்குப் பக்கத்தில், அவனை வெளியே எடுத்துவிட்டார்கள் என்ற குறி வந்தது. அவன் மீண்டும் வரவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக அந்தப் பக்கத்து எண் ஏறி, கடைசியில் எங்களுடையதைத் தாண்டிப்போய் நின்றது. அந்த அரங்கில் எவ்வளவு சத்தம் இருந்திருக்கும்! எங்கள் அறையில் பிள்ளை விழுங்கும் சத்தம் மட்டும் கேட்டது.

தம்பியின் முழங்காலின் உள் தசைநார் அறுந்திருந்தது. யாரும் இடிக்கவில்லையாம். குதித்து இறங்கியபோது கால் தானாகவே மடங்கியதாம்.

"அந்தப் படம்" என்றார் அம்மா. கணவர் படம் அனுப்பியதை அவர் எப்படியோ அறிந்திருந்தார். அவர் நல்ல மனுசி. என் பிள்ளையைக் குளிப்பாட்டி, எண்ணெய் பூசி, மூக்கைப் பிடித்து, காலை நீட்டி விட்டவர் அவர்தான். ஆனால் அன்று முதல் அவளைத் தூக்கும்போது அவருடைய கை ஒரு கணம் தயங்கும். எனக்கு அது தெரியும்.

முப்பத்தோராம் நாள் தம்பி ஊன்றுகோல்களோடு வந்தான். வருவான் என்று நான் நம்பவில்லை. ஐயர் தட்டில் எண்ணெய் விட்டார். நான் பிள்ளையை அதன் மேலே பிடித்தேன். தம்பி ஒரு கோலைச் சுவரில் சாத்திவிட்டு, மற்றக் கோலில் தொங்கிக்கொண்டு குனிந்தான். தட்டு அசைந்ததில் எண்ணெய்க்குள் அவள் முகம் நீண்டும் குறுகியும் தெரிந்தது. "தெரியுதோ?" என்று ஐயர் கேட்டார். "ஓம்" என்றான். "இனி ஒண்டுமில்லை. நேரை பாருங்கோ, தூக்குங்கோ."

அவன் நிமிர்ந்தான். என்னைப் பார்த்தான். பிறகு ஜன்னலைப் பார்த்தான். சட்டைப் பையிலிருந்து காப்பை எடுத்து, அவளுடைய கையைத் தடவிக் கண்டுபிடித்துப் போட்டுவிட்டான். ரயிலுக்கு நேரமாகிறது என்றான். எல்லோரும் அவனுடைய காலைப் பற்றியே கதைத்தார்கள். அவன் அவளைப் பார்க்காததை வேறு யாராவது கவனித்தார்களா என்று எனக்குத் தெரியாது. கணவரிடம் சொன்னேன். "அவனுக்குக் கால் நோ, நீ எல்லாத்தையும் போட்டுக் குழப்பாதை" என்றார்.

அணி அவனுடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. பிறகு கீழ்ப் பிரிவுகளில் ஒவ்வொரு ஊராக விளையாடினான். என் மகளுக்குக் காது குத்தியபோது மாமன் மடியில் இருத்த வேண்டும். அன்று வெளியூர் ஆட்டம் என்றான். என் அப்பாவின் பழைய சிநேகிதர் ஒருவர் மடி கொடுத்தார். ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் சப்பாத்து வரும், நல்ல சப்பாத்து. அதற்கு முன் எனக்குத் தொலைபேசி எடுத்து அவளுடைய கால் அளவு கேட்பான். வீடியோ அழைப்பில் அவள் திரைக்கு முன்னால் வந்து குதித்தால், இங்கே சிக்னல் இல்லை என்று வைத்துவிடுவான்.

நான் அந்தக் கதவைத் திறக்காமல் இருந்திருந்தால்? இது எனக்குள் வரும், போகும். திறக்காமல் இருந்திருந்தால் அவன் வெளியே இருந்து பகிடி விட்டுக்கொண்டே போயிருப்பான். கால் எப்படியும் போயிருக்கும். ஆனால் நம்பியது அம்மாதான், அவன் அல்ல என்று நான் நினைத்துக்கொண்டிருப்பேன். ஒருவேளை அவனும் தன்னைப் பற்றி அப்படியே நினைத்துக்கொண்டிருப்பான். தனக்குள் அந்தப் பயம் இருப்பது அந்த நடையில் கண்ணை மூடியபோதுதான் அவனுக்கே தெரிந்ததோ என்னவோ. அதைக் கண்ட ஒரே ஆள் நான். ஒருவேளை அவன் விலகி நிற்பது அவளிடமிருந்து அல்ல, என்னிடமிருந்துதானோ? எதுவும் நிச்சயமில்லை.

இப்போது அவன் விளையாடுவதை விட்டுவிட்டு பொண்டியில் சிறுவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறான். எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போகலாம். போன பங்குனியில் மகளின் பள்ளிக்கூட அணிக்கு அந்தப் பக்கத்தில் ஒரு ஆட்டம் இருந்தது. அவளுக்குப் பத்து வயது, கையும் காலும் அவனைப் போலவே நீளம். நான் அவனுக்கு இடத்தையும் நேரத்தையும் அனுப்பினேன். பதில் வரவில்லை. ஆட்டம் நடந்துகொண்டிருந்தபோது பின்வரிசையில், கதவுக்குப் பக்கத்தில் அவன் நிற்பதைக் கண்டேன். கையசைத்தேன். அவன் தலையை ஆட்டினான். முடிந்ததும் தேடினேன். போய்விட்டான்.

பின்னேரம் தொலைபேசி எடுத்தான்.

"நல்லா விளையாடுறாள். எறியேக்கை முழங்கை வெளியாலை போகுது. உள்ளுக்குக் கொண்டுவரச் சொல்லு. இடக்கால் முன்னுக்கு வைக்கிறது சரி. அவங்கடை இடம் எண்டும் பயப்பிடேல்லை, பாத்தியோ? சனம் கத்தக் கத்த எறிஞ்சாள்."

"ஓம். பாத்தன்."

"விரல் நீளம். அது நல்லது."

முழங்கை, கால், விரல் எல்லாம் சொன்னான். நான் காத்திருந்தேன். பிறகு, கேட்கக் கூடாது என்று தெரிந்துகொண்டே, சும்மா கேட்பதுபோலக் கேட்டேன்.

"முகம் ஆரைப் போலையடா? எல்லாரும் ஒவ்வொண்டு சொல்லினம்."

அந்தப் பக்கம் பிள்ளைகள் பந்து தட்டும் சத்தம் கேட்டது. அவன் மூச்சு விடும் சத்தமும் கேட்டது.

"நான் தூர நிண்டனான் அக்கா" என்றான். "வடிவாத் தெரியேல்லை."

மகள் கூடத்தில் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தாள். நான் போய் அவளுடைய வலது முழங்கையைப் பிடித்து உள்பக்கம் வைத்து, எறியும்போது இப்படி இருக்க வேண்டுமாம் என்று சொன்னேன். யார் சொன்னது என்று பிரெஞ்சில் கேட்டாள்.

"மாமா."

"எந்த மாமா?" என்றாள்.